மலைமேல் இருக்கும் பழங்காலக் கோட்டையையும் கீழே உள்ள கிராமத்தையும் ஒரே படத்தில் எடுப்பது எப்படி? எனக்கு எப்போதும் கோட்டை சின்னதாகவே வருகிறது.

நீங்கள் முன்னால் இருக்கும் ஆளுக்கோ வீட்டுக்கோ ரொம்பக் கிட்டே போய் நிற்கிறீர்கள். கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஒன்றரை வருஷம் நானும் இதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். வயலில் ஆள் நிற்பார், பின்னால் மலை, மேலே கோட்டை. கண்ணுக்கு அது ராட்சசன் மாதிரி தெரியும். படத்தில் பார்த்தால் தீப்பெட்டி.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லோவாக்கியாவில் கோஷிட்சே என்ற ஊரில் கணினி வேலை. சனி ஞாயிறு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன், அவ்வளவுதான். "நம்ம செஞ்சிக்கோட்டை இருக்கும்போது வெளிநாட்டுக் கோட்டை எதற்கு" என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்களுக்கு: நான் இருக்கிற இடத்தில் இருப்பதைத்தானே எடுக்க முடியும்? செஞ்சிக்கு வாரக்கடைசியில் போய்விட்டு வருவதற்கு எனக்கு இறக்கையா இருக்கிறது?

இங்கே ஸ்பிஷ் கோட்டை என்று ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து 634 மீட்டர் உயரத்தில் ஒரு டிராவர்டைன் பாறை, அதாவது ஊற்றுநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு படிந்து படிந்து உருவான கல். அதன்மேல் 4 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது கோட்டை. 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, 1780-இல் தீப்பிடித்து எரிந்து பாழானது. 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. அடியில் இருக்கும் ஊரின் பெயர் ஸ்பிஷ்ஸ்கே போத்ஹ்ராட்யே. போத்ஹ்ராட்யே என்றால் வேறொன்றுமில்லை, "கோட்டையடி". இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆளிடமிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று 24 எம்எம் லென்ஸில், அதாவது அகலமாகக் காட்டும் லென்ஸில் எடுத்தால் ஆள் பெரிதாகவும் கோட்டை குட்டியாகவும் வரும். அதே ஆளிடமிருந்து மொத்தம் 60 மீட்டர் தள்ளி இருக்கும்படி பின்னால் போங்கள். லென்ஸை 140 எம்எம்முக்குக் கொண்டுவாருங்கள், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். ஆள் முன்பிருந்த அளவிலேயே இருப்பார், கோட்டை மட்டும் ஏறக்குறைய ஆறு மடங்கு பெரிதாகிவிடும். மந்திரம் இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோட்டைக்கு நீங்கள் 50 மீட்டர் பின்னால் போனது பெரிய விஷயமே இல்லை, வயலில் நிற்பவருக்குத்தான் அது பெரிய தூரம். அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப்/11 வைத்து ஆள்மேல் ஃபோகஸ் செய்தால் முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் கோட்டையும் தெளிவாகவே கிடைக்கும். உச்சிவெயிலில் மட்டும் வேண்டாம். வெளுத்த கல் சுவரெல்லாம் விவரம் தெரியாமல் வெள்ளையாகிவிடும், தரைச்சூட்டில் தூரத்துக் காட்சி நெளியும்.

மலையேறி உள்ளே போவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே போனால் கோட்டை தெரியாது, சுவர்தான் தெரியும். போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படம் கீழேதான் இருக்கிறது. மேற்கே ஸ்பிஷ்ஸ்கா கபிதூலா என்ற பழைய தேவாலயக் குடியிருப்பு இருக்கும் மேட்டிலிருந்து சாயங்காலம், தெற்கே ஜெஹ்ரா கிராமத்துப் பக்கம் வயல்களிலிருந்து காலையோ மாலையோ. ஜெஹ்ராவில் 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று வெள்ளைச் சுவரும் வெங்காயக் கூம்புமாக நிற்கும், அதையும் முன்னால் வைத்து எடுக்கலாம்.

அங்கேதான் நான் திட்டு வாங்கினேன். செப்டம்பர் மாதம், உருளைக்கிழங்கு தோண்டும் சமயம். வயலில் ஒரு குடும்பம், பின்னால் கோட்டை. புதிதாக லாங் லென்ஸ் வாங்கிய திமிர் வேறு. ஓரமாக நின்று கேட்காமல் கொள்ளாமல் நாலைந்து படம் தட்டினேன். தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்தார். களைக்கொத்தியோடு நேராக என்னை நோக்கி வந்தார். எனக்குத் தெரிந்த ஸ்லோவாக் மொழியே "தோப்ரி தெஞ்" என்கிற வணக்கமும் "ப்ரோசிம்" என்கிற தயவுசெய்தும்தான். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. பேரன் ஓடிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான்: "வருகிறவர்கள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டையை எடுப்பார்கள். நீ ஒருத்தன்தான் நாங்கள் குனியும்போது எங்கள் பின்பக்கத்தை எடுக்கிறாய் என்கிறார் பாட்டி."

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

வயதான பெண்களை இங்கே கிராமத்தில் "தெத்தா" என்று கூப்பிடுவார்கள், நம் அத்தை என்பது போலத்தான். தெத்தா, மன்னிச்சுக்குங்க என்று பேரன் வழியாகச் சொல்லி, படங்களை அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். அப்புறம் சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு மணி நேரம் கிழங்கு பொறுக்கினேன். வெயில் சாய்ந்ததும் அவரே கோட்டையைக் காட்டி, இப்போது எடு என்று சைகை செய்தார். 60 மீட்டர் பின்னால் போனேன். நான் இதுவரை எடுத்ததில் உருப்படியான ஒரே படம் அதுதான்.

"பொது இடத்தில் படம் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்" என்று சிலர் கிளம்புவார்கள், தெரியும். இந்த நாட்டு சிவில் சட்டத்தில் ஒருவரைப் படம் எடுக்க அவர் சம்மதம் வேண்டும். செய்தி, கலை என்று விலக்குகளும் உண்டுதான். நான் சட்டம் பேச வரவில்லை. ஜெஹ்ராவில் ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். அவர்களின் குழந்தைகளை முன்னால் வைத்து, கோட்டையைப் பின்னால் வைத்து, வறுமை என்று தலைப்புப் போட்டு லைக் வாங்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வேலையைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

கிராம வாழ்க்கை என்றால் ஆட்கள் மட்டுமில்லை. கோட்டைச் சரிவில் தரை அணில்கள் வளை தோண்டி வாழ்கின்றன. புல் குட்டையாக இருந்தால்தான் அவற்றுக்குச் சுற்றிலும் பார்க்க முடியும், அதனால் ஆடுமாடு மேய்வதை நம்பித்தான் அவற்றின் பிழைப்பு. பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால் ஒன்று எழுந்து நின்று உங்களையே பார்க்கும். என் நண்பர்கள் காரில் வந்து, செல்ஃபி எடுத்து, பத்தாவது நிமிஷம் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நான்தான் பார்த்தேன்.

இதை இங்கே சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் வயிற்றெரிச்சல். அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தப்பா "நீ இல்லையேப்பா இதில்" என்றார். மூன்று வாரம் கழித்து அதே படம் வேறொரு குழுவிலிருந்து எனக்கே வந்தது. தெத்தாவைக் காணோம், வெட்டிவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் ஒரு ரோஜாப்பூ, "இனிய காலை வணக்கம்". யார் செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாதாம். ஒரு மணி நேரம் மண்ணில் முட்டி போட்டது ரோஜாவுக்காகவா?

அடுத்த வசந்தத்தில் பெரிதாக ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தெத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரலை வைத்து எதையோ எண்ணினார். பிறகு பேரனிடம் கொஞ்சம் கோபமாகவே ஏதோ சொன்னார்.

"படத்தில் நாலு மூட்டைதான் தெரிகிறதாம்," என்றான் அவன். "அந்த வருஷம் பதினொன்று எடுத்தோமாம்."

அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நிற்க வேண்டும்.