காட்டுத்தீ நெருங்கும்போது உதவிக்கு யாரை அணுகுவது?

உயிருக்கு ஆபத்து என்றால் உடனே அவசர எண்: இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 112, அமெரிக்கா, கனடாவில் 911. மற்றபடி, தகவல் கேட்பதற்காக அந்த எண்ணை அழைத்துத் தொல்லை கொடுக்காதீர்கள். அதற்கு உள்ளூர் நிர்வாகத்தின் அறிவிப்புகளும் வானொலியும் போதும். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி வழியை மாற்றுவது இன்னும் மோசம்.

வெளியேறச் சொன்னால் தீ கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டாம். காற்று திசை மாறினால் சாலையே அடைபடலாம். வாகனமில்லை, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்றால் வெளியேறும் ஆணை வருவதற்கு முன்பே உள்ளூர் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

அழைப்பு போகாத நெரிசலிலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும். முகாமுக்குப் போனதும் பெயரைப் பதிவு செய்யுங்கள், தேடுபவர்களுக்கு அதுதான் தடயம். பிரிந்த உறவினர்களைத் தேடித்தரும் சேவை செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களிடம் உண்டு. புகைக்குத் துணி போதாது. என்95 முகக்கவசம் வேண்டும்.