பதில்: ஊரார் விலகியே நிற்கிறார்கள் என்ற உங்கள் கவலைக்கு

சகோதரி அவர்களுக்கு வணக்கம். ஹைட்டியின் ஆர்டிபோனிட் பகுதிக் கிராமமொன்றில் ஆறு மாதங்களாக ஊழியம் செய்தும், பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தும், ஊரார் உங்களிடம் ஒட்டவில்லை என்று வருந்தி எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பிரெஞ்சுதான் தடை என்று எனக்குப் படுகிறது. நாட்டின் 1987 அரசியலமைப்பு பிரெஞ்சு, மக்களின் தாய்மொழியான கிரெயோல் ஆகிய இரு மொழிகளையும் ஆட்சிமொழியாக ஏற்றிருந்தாலும், அடுப்படியிலும் வயலிலும் புழங்குவது கிரெயோல்தான்; அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

யார் வீட்டுக்குப் போனாலும் முற்றத்தின் ஓரத்திலேயே நின்று "ஓனே" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "ரெஸ்பே" என்று பதில் வந்த பிறகே காலெடுத்து வையுங்கள். கௌரவம், மரியாதை என்று பொருள்படும் இந்த இரு சொற்களின் வழக்கத்தை அறியாதவர் எவ்வளவு நல்ல மனத்தோடு வந்தாலும் அந்நியராகவே தெரிவார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவர்கள் தரும் இனிப்பான கடுங்காபியைத் தயவுசெய்து மறுக்காதீர்கள், அது கொதித்ததுதான். குடிநீரில் மட்டும் குளோரின் கலக்கத் தவறாதீர்கள், ஏனெனில் 2010இல் ஆர்டிபோனிட் ஆற்றின் வழியாகவே காலரா பரவியது.

ஒருவரின் நிலத்தை அக்கம்பக்கத்தார் பாட்டும் மேளமுமாகச் சேர்ந்து கொத்திக் கொடுக்கும் 'கொன்பிட்' நடக்கும் நாளில், மிஷன் வளாகத்தை விட்டு வெளியே வந்து நீங்களும் மண்வெட்டி பிடியுங்கள். வேலை முடிந்ததும் வயல்காரர் வீட்டில் ஆக்கும் சோற்றை அவர்களோடு உட்கார்ந்து உண்ணுங்கள்.