முன்கால் வலியும் குறுக்கோட்டமும்

வணக்கம் அக்கா. சுங்கை சிப்புட்டில் தோட்டத்துத் தார் ரோட்டில் ஓடிப் பழகும் மகளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்கால் வலி, மாவட்டக் குறுக்கோட்டப் போட்டிக்கு மூன்று வாரந்தான், நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கணைக்கால் எலும்பின் உள்பக்க ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் திடீரென்று கூட்டிய பயிற்சிதான் காரணம். ஒரே இடத்தில் சுரீரென்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி உடனே கிளினிக்கில் காட்டுங்கள்.

மற்றபடி, வலி அடங்கும்வரை சைக்கிள் மிதிக்கட்டும். பிறகு செம்பனை வரிசைக்குள் புல்தரையில் மெதுவாக ஓடலாம். வெட்டிய மட்டை அடுக்கிய வரிசை வேண்டாம், முள் காலைக் கிழித்துவிடும். வெட்டிய குலைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் பாதைதான் சரி. சப்பாத்து அடி தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

வாத்தியாரிடம் நீங்களே பேசுங்கள். அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் வலியை மறைப்பார்கள்.