லினக்ஸில் டாக்கர் ஓட்டினால் 'பெர்மிஷன் டினைடு' வருகிறது. 777 கொடுத்துவிடலாமா?

கேள்வியில் சொல்லியிருப்பது: டாக்கர் என்பது மென்பொருள்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி; உபுண்டுவில் 'டாக்கர் பிஎஸ்' (ஓடும் கன்டெய்னர்களின் பட்டியல்) அடித்தாலே அனுமதி இல்லை என்கிறது. சூடோ (முழு அதிகாரம் உள்ள ரூட் யூசராக ஓட்டும் கட்டளை) சேர்த்தால் ஓடுகிறது, ஆனால் கிராஃபானா (டேஷ்போர்டு மென்பொருள்) கன்டெய்னர் டேட்டா ஃபோல்டரில் எழுத முடியாமல் நின்றுவிடுகிறது.

777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், வேண்டாம். இங்கே இருப்பது ஒரே பிழை மாதிரி தெரியும் இரண்டு பிழைகள். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது, டாக்கர் டீமனோடு (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) கட்டளைகள் பேசும் வாசலான சாக்கெட் கோப்பு. அது வார்/ரன் ஃபோல்டரில் டாக்கர்.சாக் என்ற பெயரில் இருக்கும். உரிமையாளர் ரூட், குரூப் டாக்கர், பெர்மிஷன் 660, அதாவது அந்த இருவர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். நீங்கள் அந்தக் குரூப்பில் இல்லை, அவ்வளவுதான். சூடோவோடு யூசர்மாட் கட்டளை கொடுத்து, சிறிய 'ஏ', பெரிய 'ஜி' இரண்டு ஆப்ஷனும் போட்டு, டாக்கர் குரூப் பெயரையும் உங்கள் யூசர் பெயரையும் எழுதுங்கள். அந்தச் சிறிய 'ஏ'வை விட்டுவிட்டால், ஏற்கெனவே இருந்த மற்ற கூடுதல் குரூப்புகளிலிருந்து உங்களைத் தூக்கிவிடும். சூடோ குரூப்பும் அதில் போய்விட்டால், திருத்தக்கூட வழியில்லாமல் ரெகவரி மோடுக்குப் போக வேண்டிவரும்.

கட்டளை கொடுத்தும் அதே பிழை வந்தால் பதற வேண்டாம். குரூப் பட்டியல் லாகின் ஆகும்போதுதான் ஏற்றப்படும். லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள், அல்லது அந்த டெர்மினலுக்கு மட்டும் 'நியூஜிஆர்பி டாக்கர்' அடியுங்கள். டீமக்ஸ் (டெர்மினல்களைப் பின்னணியில் வைத்திருக்கும் கருவி) ஓடிக்கொண்டிருந்தால் அதன் சர்வரையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். 'ஐடி' கட்டளையில் டாக்கர் தெரிந்தால் சரி.

சாக்கெட்டுக்கே 666 (எல்லோரும் படிக்க, எழுத அனுமதி) கொடுக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். டாக்கர் குரூப்பில் இருப்பவர் ஹோஸ்டின் (டாக்கர் ஓடும் உங்கள் கணினி) ஃபைல் சிஸ்டம் முழுவதையும் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து (இணைத்து) எதையும் மாற்றலாம். அதாவது அந்தக் குரூப்பே ரூட்டுக்குச் சமம். 666 கொடுத்தால் அந்த மெஷினில் உள்ள எல்லா யூசருக்கும் ரூட்டைத் தூக்கிக் கொடுத்தது போல.

இனி கிராஃபானா. லினக்ஸின் மையமான கர்னல் யூசர் பெயரைப் பார்ப்பதில்லை, யூசர் எண்ணைத்தான் பார்க்கும். ஹோஸ்டில் நீங்கள் பெரும்பாலும் 1000. கிராஃபானாவின் அதிகாரபூர்வ இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் அச்சு) உள்ளே 472 என்ற யூசராக ஓடுகிறது. உங்கள் ஃபோல்டர் 1000-க்குச் சொந்தமாக, 755 பெர்மிஷனோடு இருந்தால் 472 படிக்கலாம், எழுத முடியாது. இன்னொரு வலை: மவுண்ட் செய்யும் ஃபோல்டர் ஹோஸ்டில் இல்லையென்றால், சிறிய 'வி' ஆப்ஷன் சத்தமில்லாமல் ரூட் பெயரில் ஒன்றை உருவாக்கிவிடும். 'மவுண்ட்' ஆப்ஷன் அப்படிச் செய்யாது, ஃபோல்டர் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அதனால் அதையே பழகிக்கொள்வது நல்லது.

'எல்எஸ்' கட்டளையில் சிறிய 'எல்', சிறிய 'என்' சேர்த்து அடித்தால் உரிமையாளர் எண்ணாகத் தெரியும். பிறகு சூடோவோடு உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை, பெரிய 'ஆர்' ஆப்ஷன், 472, ஃபோல்டர் பெயர். முடிந்தது. ஃபோல்டர் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டுமானால், கன்டெய்னரை 'யூசர்' ஆப்ஷனில் 1000 கொடுத்து ஓட்டலாம். ஆனால் எல்லா இமேஜும் இதற்கு ஒத்துவராது; சில, இமேஜுக்குள்ளேயே வேறு ஃபோல்டர்களில் எழுதப் பார்த்து அங்கே விழும். ஹோஸ்டில் கோப்புகளைத் தொடத் தேவையே இல்லையென்றால் பெயரிட்ட வால்யூம் (டாக்கரே பராமரிக்கும் சேமிப்பிடம்) போட்டுவிடுங்கள். காலி வால்யூமை முதன்முறை மவுண்ட் செய்யும்போது, இமேஜில் அந்த ஃபோல்டருக்கு உள்ள உரிமையையே டாக்கர் அதற்கும் கொடுத்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) போன்ற இமேஜ்களில் இந்தத் தொல்லை குறைவு. அவை ரூட்டாகத் தொடங்கி, டேட்டா ஃபோல்டரைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு சாதாரண யூசராக இறங்கிவிடும். அதன் விளைவாக, உங்கள் ஃபோல்டர் திடீரென்று 999-க்குச் சொந்தமாகி உங்களையே உள்ளே விடாது. டெபியன் லினக்ஸ் அடிப்படை இமேஜில் 999, ஆல்பைன் லினக்ஸில் 70. டேக் (இமேஜின் பதிப்புப் பெயர்) மாற்றும்போது இது நினைவிருக்கட்டும்.

சூடோவில் ஓட்டிப் பார்த்ததால், ஹோம் ஃபோல்டரில் உள்ள .டாக்கர் ஃபோல்டர் ரூட் பெயருக்கு மாறியிருக்கலாம். கான்ஃபிக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று எச்சரிக்கை வந்தால் அதையும் சௌன் செய்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

ஃபெடோராவில் பாட்மேன் (டாக்கர் போன்ற இன்னொரு கருவி) ஓட்டுபவர்களுக்கு: எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், கோப்புகளின் லேபிளைப் பார்த்துத் தடுக்கும் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸைப் பாருங்கள். மவுண்ட் வரியின் கடைசியில் கோலன் போட்டுப் பெரிய 'இசட்' சேர்த்தால் லேபிள் மாறிவிடும். பல கன்டெய்னர்கள் பகிர்ந்தால் சிறிய 'இசட்'. முழு ஹோம் ஃபோல்டருக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், மற்ற புரோகிராம்கள் தடுமாறும். ரூட் இல்லாமல் ஓட்டும்போது எண்ணும் இடம் மாறும்: உங்கள் சப்யூஐடி வரிசை (கன்டெய்னர் யூசர்களுக்காக உங்களுக்கு ஒதுக்கிய எண்கள்) 100000-இல் தொடங்கினால், உள்ளே 472 என்பது வெளியே 100471. கணக்குப் போட்டு மண்டையை உடைக்காமல், 'பாட்மேன் அன்ஷேர்' என்று எழுதி அதன்பின் அதே சௌன் கட்டளையை 472 போட்டே கொடுங்கள். இதற்குச் சூடோ கூடாது.