கழுத்தில் தொங்கிய பலகை

அன்புள்ள ஐயா,

மே மாத விடுமுறையில் அம்மா, மனைவி, மகளோடு ஒரு வாரம் ஜப்பானின் ஒக்கினாவா தீவுகளுக்குப் போகிறோம். எந்தக் கடற்கரைகளைத் தவறவிடக் கூடாது? அங்கே நூறு வயது வாழ்கிறார்களாமே, அதன் ரகசியம் என்ன? அம்மா சைவம், சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவோமா? அங்கே பேசுவது ஜப்பானிய மொழியின் வட்டார வழக்குதான் என்று படித்தேன். மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாள், சமாளித்துவிடுவாள் என நினைக்கிறேன்.

க., கோவை

அன்புள்ள க.,

இந்த வயதில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்களே, அதுவே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. முடிந்தால் பயணத்தை ஏப்ரலுக்கு மாற்றுங்கள். மே நடுவில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிடும். கடற்கரைகளை மகளே தேடிக் கண்டுபிடிப்பாள்.

நூறு வயது ரகசியத்தை விட்டுவிடுங்கள். 1945இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தத் தீவில் அமெரிக்கப் படைக்கும் ஜப்பானியப் படைக்கும் நடந்த போரில் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்தார்கள். அதையெல்லாம் கடந்து வந்த கிழவிகளிடம் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் சமாளித்துவிடுவாள், உண்மை. இன்று அங்கே எல்லோரும் ஜப்பானிய மொழிதான் பேசுகிறார்கள். ஆனால் வட்டார வழக்கு என்று இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்களே! அந்தத் தீவுகளின் பழைய மொழிகளில் பேசினால் டோக்கியோக்காரருக்குப் புரியாது. யுனெஸ்கோ 2009இல் அவற்றை ஆறு தனி மொழிகளாக, அழியும் நிலையில் உள்ளவையாகப் பட்டியலிட்டது. வழக்கு என்று சொல்லிச் சொல்லித்தான் அவற்றைக் கொன்றார்கள்.

ஒக்கினாவா ஒரு காலத்தில் ரியுக்யு என்ற தனி அரசாக இருந்த நாடு. 1429இல் ஒன்றாகி, சீனா, சயாம் (இன்றைய தாய்லாந்து), மலாக்கா வரை கப்பல் விட்டு வணிகம் செய்தது. 1879இல் ஜப்பான் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மன்னரை டோக்கியோவுக்குக் கொண்டுபோனது. பிறகு பள்ளிக்கூடங்களில் ஒரு மரப்பலகை வந்தது. வீட்டு மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். அடுத்து வாய் தவறும் பிள்ளையைப் பிடித்துக்கொடுத்தால்தான் அது இறங்கும். அதனால் பிள்ளைகள் வேண்டுமென்றே இன்னொருவன் காலை மிதிப்பார்களாம். வலியில் கத்தும்போது வீட்டு மொழிதானே வரும்! போர் நடந்தபோது ஜப்பானிய ராணுவம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒக்கினாவா மொழியில் பேசுபவரை ஒற்றராகக் கருதித் தண்டிக்க உத்தரவிட்டது. போருக்குப் பின்னும் சில பள்ளிகளில் அந்தப் பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இது எனக்குத் தொலைதூரக் கதை இல்லை. நான் படித்த பள்ளியில் ஓர் அட்டை சுற்றிவரும். தமிழில் பேசியவன் கைக்கு அது போகும். மாலை மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவன் அபராதம் கட்ட வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெரிய வாயாடி. அபராதம் கட்ட வீட்டில் காசு கிடையாது. ஒரு பருவம் முடிவதற்குள் அவன் வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டான். நல்ல பையன் ஆகிவிட்டான் என்று ஆசிரியர்கள் பாராட்டினார்கள். இப்போதும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் தணிவதில்லை. போன மாதம் எதிர்வீட்டுச் சிறுமி, தமிழில் பேசியதற்காகப் பள்ளியில் பத்து ரூபாய் கட்டினேன் என்று சொன்னாள். அதிலிருந்து இதே யோசனைதான். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

ஒக்கினாவாவின் தலைநகரான நாஹாவில் மாலையில் சான்ஷின் வாசித்துப் பாடும் உணவகங்கள் உண்டு. பாம்புத்தோல் போர்த்திய மூன்று தந்தி வாத்தியம் அது. போருக்குப் பின் முகாம்களில் தகர டப்பாவில்கூட அதைச் செய்து வாசித்தார்கள். அந்தப் பழைய மொழிகள் இன்றும் பாட்டில் இருக்கின்றன. ஒரு நாள் கடற்கரையைக் குறைத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். மகளுக்கு ஒரு வரிகூடப் புரியாது. ஏன் புரியவில்லை என்று அவள் கேட்பாள், அப்போது இதையெல்லாம் சொல்லுங்கள்.

அப்புறம், சாப்பாடு. காய்கறிச் சாறு என்று தருவதிலும் மீனோ பன்றி எலும்போ இருக்கும். நிலக்கடலையில் செய்யும் ஜிமாமி டோஃபு அம்மாவுக்குப் பிடிக்கும், மேலே ஊற்றும் சாற்றை மட்டும் என்னவென்று விசாரித்துக்கொள்ளுங்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கையோடு எடுத்துப் போங்கள்.