எலினோர் வீட்டுப் பெண்கள்: கேள்வி பதில்

தென்மேற்குப் பிரான்சின் அக்விடைன் பகுதிக்கு வாரிசான, 12ஆம் நூற்றாண்டு ராணி எலினோர் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி: எலினோர் பிரெஞ்சு ராஜாவை விட்டுவிட்டு இங்கிலாந்து ராஜாவைக் கட்டிக்கொண்டாராமே. அப்போது விவாகரத்து உண்டா, அக்கா?

பதில்: கிடையாது. ஆனால், 'இந்தக் கல்யாணமே செல்லாது' என்று திருச்சபை அறிவிக்கலாம். கணவனும் மனைவியும் ரத்த உறவு என்று காட்டினால் போதும். அன்றைய விதிப்படி ஏழு தலைமுறைக்குள் பொது முன்னோர் இருக்கக் கூடாது. அரச குடும்பங்களில் அப்படி யார் கிடைப்பார்கள்? 1215இல்தான் லேட்டரன் சங்கம் என்ற திருச்சபை மாநாடு அதை நான்காகக் குறைத்தது.

1137இல் பிரெஞ்சு ராஜா ஏழாம் லூயியை மணந்தவர் எலினோர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஆண் வாரிசும் இல்லை. 1152 மார்ச்சில் உறவுமுறையைச் சொல்லிப் பிரிந்தார்கள். மே மாதமே எலினோர், பின்னால் இங்கிலாந்து ராஜாவான ஹென்றியை மணந்தார். ஹென்றி அவருக்கு லூயியைவிடவும் நெருங்கிய சொந்தம்! அக்விடைன் பகுதி எலினோரின் பிறந்த வீட்டுச் சொத்து என்பதால் அதுவும் அவரோடு போனது. ஹென்றி ராஜாவானது 1154இல்.

கேள்வி: முதல் கல்யாணத்தில் பிறந்த பெண்கள்?

பதில்: அப்பாவிடமே விடப்பட்டார்கள். மரிக்கு ஏழு வயது, அலிக்ஸ் கைக்குழந்தை. பிறகு பிரான்சின் ஷாம்பெய்ன், ப்ளுவா பகுதிப் பிரபுக்களான அண்ணன் தம்பிக்கு இருவரையும் நிச்சயித்தார் லூயி. அந்தச் சகோதரர்களின் தங்கை அடேலை 1160இல் தானே மூன்றாவதாக மணந்துகொண்டார். நாத்தனாராக வரவேண்டியவர் சித்தியாகிவிட்டார்.

கேள்வி: ஹென்றிக்குப் பிறந்த மகள்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

பதில்: ஜோன். 1177இல் சிசிலி ராஜா இரண்டாம் வில்லியமுக்குக் கட்டிக்கொடுத்தபோது பதினோரு வயது. 1189இல் விதவை. கணவன் எழுதிவைத்த ஜீவனாம்ச நிலத்தை அடுத்து சிசிலி ராஜாவான டான்க்ரெட் தர மறுத்தார். சிலுவைப்போருக்குப் போகும் வழியில் சிசிலித் துறைமுகமான மெசினாவில் இறங்கிய அண்ணன் ரிச்சர்ட்தான் சண்டை போட்டு அதற்கு ஈடாகத் தங்கம் வாங்கினார். விதவைக்கு உரிமை இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டியிருந்தது. 1196இல் துலூஸ் பிரபுவோடு மறுமணம். 1199இல் பிரசவத்தில் இறந்தார். வயது 33. அதை வாசிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

கேள்வி: எலினோர் வயதான காலத்தில் பேத்தியை அழைத்துவர, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலையைத் தாண்டினாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1200இல், எண்பதை நெருங்கும்போது. தனக்கு எதிரான மகன்களின் கலகத்துக்குத் துணைபோனதற்காக ஹென்றி அவரைச் சுமார் 16 வருடம் அடைத்துவைத்திருந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து–பிரான்சு சமாதானத்துக்காக, இன்றைய ஸ்பெயினிலுள்ள காஸ்டீல் நாட்டில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் போய், பேத்திகளில் பன்னிரண்டு வயது பிளான்ஷை அழைத்துவந்தார். மாப்பிள்ளை யார் தெரியுமா? எலினோருடைய பழைய கணவர் லூயியின் பேரன்! அந்தப் பிளான்ஷ்தான் பிறகு, மகன் ஒன்பதாம் லூயி சிறுவனாக இருந்தபோதும், சிலுவைப்போருக்குப் போனபோதும், பிரான்சை ஆண்டவர்.