நொதி வினைக்கு ஆற்றல் கொடுக்கிறதா?

நொதிகள் (என்சைம்கள்) தங்களிடமிருந்து ஆற்றலைக் கொடுத்துத்தான் வினையை வேகப்படுத்துகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஒரு மூலக்கூறு வேறொன்றாக மாறும் வழியில் ஒரு அரைகுறை நிலை உண்டு: பழைய பிணைப்பு முழுதாக அறுந்திருக்காது, புதியது முழுதாக உருவாகியிருக்காது. அந்த நிலையை எட்டத் தேவையான கிளர்வு ஆற்றல், உடல் வெப்பநிலையில் மிகச் சில மூலக்கூறுகளிடமே இருக்கும். நொதி செய்வது அந்தத் தேவையையே குறைப்பது.

எப்படிக் குறைக்கிறது? 1894-ல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டு-சாவி விளக்கத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: பூட்டில் சாவிபோல, நொதியிலுள்ள குழியில் மூலக்கூறு பொருந்துகிறது என்பது. அது பாதிதான் சரி. வந்து சேரும் மூலக்கூறு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும், மாறவே மாறாது. நொதியின் குழி உண்மையில் இறுகப் பற்றுவது அந்த அரைகுறை நிலையைத்தான். 1940-களில் வேதியியலாளர் லைனஸ் பாலிங் அழுத்திச் சொன்ன கருத்து இது. என்னைக் கேட்டால் பாடத்தையே இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, ஒரு நொதியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ரத்தச் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது; கார்பன் டை ஆக்சைடை நீரோடு சேர்த்து பைகார்பனேட்டாக்குவது அதன் வேலை. அதன் குழிக்குள் ஒரு துத்தநாக அயனியை மூன்று ஹிஸ்டிடின்கள் (ஒருவகை அமினோ அமிலம்) பிடித்திருக்கின்றன. அந்த அயனியில் ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருக்கும். சாதாரணமாக நீர் தன் புரோட்டானை லேசில் விடாது. துத்தநாகம் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் இங்கே எளிதாக விட்டுவிடும். மிஞ்சும் ஹைட்ராக்சைடு, பக்கத்தில் சரியான கோணத்தில் வந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடைத் தாக்குகிறது. பைகார்பனேட் உருவாகி விலக, அடுத்த நீர் மூலக்கூறு அந்த இடத்தைப் பிடிக்கிறது. வேகமான வகைகளில் நொடிக்குச் சுமார் 10 லட்சம் முறை இது நடக்கும். நொதி இல்லாவிட்டால் இதே வினைக்குப் பல நொடிகள் ஆகும். ரத்தம் தந்துகியை (மிக மெல்லிய ரத்தக்குழாயை) கடப்பதோ ஏறத்தாழ ஒரு நொடியில்!

அப்புறம், நுரையீரலில் பைகார்பனேட்டை மறுபடி கார்பன் டை ஆக்சைடாக்குவதும் இதே நொதிதான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. செறிவுதான் முடிவு செய்கிறது. சமநிலையையும் நொதி மாற்றாது, அங்கே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே. ஆற்றல் இல்லாமல் நடக்கவே முடியாத வினை என்றால், அந்த ஆற்றல் பெரும்பாலும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி (ATP) சிதைவதிலிருந்து வரும். நொதி அந்த இரண்டு வினைகளையும் ஒன்றாகக் கோத்துவிடும். உங்கள் சந்தேகம் இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.